பிழைக்கப் போனவர்களின் ஆயுள் கணக்கு



2018 டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழ் ஓர் ஆய்வை வெளியிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ராபர்ட் ஆல்ட்ரிஜும் அவருடைய குழுவினரும் உலகெங்கும் வெளிவந்திருந்த 96 ஆய்வுகளைத் திரட்டி, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட புலம்பெயர்ந்தோரின் இறப்புக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். கிடைத்த விடை பலரையும் வியக்க வைத்தது. உள்ளூர் மக்களின் இறப்பு விகிதப்படி 100 பேர் இறந்திருக்க வேண்டிய இடத்தில், வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் 70 பேர்தான் இறந்திருந்தார்கள். வயது வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகு கிடைத்த எண் இது. நோய்களை வகை வகையாகப் பிரித்துப் பார்த்தபோதும் பெரும்பாலானவற்றில் குடியேறியவர்களின் கையே ஓங்கியிருந்தது. தொற்றுநோய்களிலும், விபத்து, வன்முறை போன்ற புறக் காரணங்களிலும் மட்டும் அவர்கள் உள்ளூர்க்காரர்களைவிட அதிகமாக இறந்திருந்தார்கள்.

மொழி தெரியாத ஊர். உள்ளூர்க்காரர் தொட மறுக்கும் வேலை. ஒரே அறையில் பத்துப் பேர். மருத்துவமனைக்குப் போனால் எங்கே வலிக்கிறது என்று சொல்லக்கூடத் திணற வேண்டிய நிலை. வறுமை ஆயுளைக் குறைக்கும் என்பது பொது சுகாதாரத்தின் அரிச்சுவடி. அப்படியிருக்க, குறைவாகப் பெற்றவர்கள் கூடுதலாக வாழ்வது எப்படி?

இந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டுகளாக விடை தேடி வருகிறார்கள். அந்தத் தேடலை முழுதாகப் படித்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். 70 என்ற எண் பொய்யன்று. ஆனால் யாரால் புறப்பட்டுப் போக முடிந்தது, யாருடைய சாவு எந்தப் பதிவேட்டில் ஏறியது என்பதே அந்த எண்ணுக்குள் பெரும்பகுதியாக அடங்கியிருக்கிறது. யாருடைய சாவைப் பற்றி உலகம் மிகவும் கவலைப்பட வேண்டுமோ, அவர்கள் அந்தக் கணக்கில் மிகக் குறைவு.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1986-இல் கிரியாகோஸ் மார்கிடிஸ், ஜெனின் கொரீல் என்னும் ஆய்வாளர்கள் அந்நாட்டின் தென்மேற்கு மாநிலங்களில் வாழும் ஹிஸ்பானிக் மக்களின் உடல்நலத்தை ஆராய்ந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவை வேராகக் கொண்டவர்கள். வருமானத்திலும் வாழ்நிலையிலும் கறுப்பின மக்களை ஒத்திருந்த இவர்கள், குழந்தை இறப்பு, இதய நோய், புற்றுநோய், ஆயுள் ஆகியவற்றில் வெள்ளையர்களை ஒத்திருந்தார்கள். அந்த முரண்பாடு ‘ஹிஸ்பானிக் புதிர்’ என்ற பெயரில் நிலைத்துவிட்டது. 2010-இல் அமெரிக்க அரசு ஹிஸ்பானிக் மக்களுக்கென்று முதன்முறையாகத் தனி ஆயுள் அட்டவணை வெளியிட்டது. 2006-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அவர்களின் சராசரி ஆயுள் 80.6 வயது. வெள்ளையர்களுக்கு 78.1, கறுப்பினத்தவருக்கு 72.9.

முதல் விளக்கம் யாருக்கும் எளிதில் புரியக்கூடியது. ஊரைவிட்டுக் கிளம்புகிறவர் யார்? இளைஞர், திடகாத்திரமானவர், துணிச்சல் உள்ளவர். நோயாளி கிளம்புவதில்லை, கிளம்பினாலும் அனுமதிப்பதில்லை. விவசாயி விதைநெல்லைப் பொறுக்கி எடுப்பது போல, ஊரில் தேறியவர்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறது வெளிநாட்டு வேலை.

இதை வேலைக்கு எடுக்கும் நாடுகள் வெளிப்படையாகவே செய்தன. 1961 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இஸ்தான்புலில் ஜெர்மன் அலுவலகம் ஒன்று திறக்கப்பட்டது. வேலை கேட்டு வந்த ஆண்கள் அரைகுறை உடையோடு வரிசையில் நிற்க, மருத்துவர்கள் பல்லைப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், உடம்பு பாரம் தாங்குமா என்று பார்த்தார்கள். எழுத்தாளர் ஜான் பெர்ஜரும் புகைப்படக் கலைஞர் ஜான் மோரும் சேர்ந்து 1975-இல் வெளியிட்ட ‘ஏழாவது மனிதன்’ என்ற நூலில் அந்தச் சோதனைக்கூடத்தின் படங்கள் இருக்கின்றன. பார்த்தவர்களுக்கு மறக்காது.

வளைகுடாவுக்குப் போக விரும்பும் தமிழ்நாட்டு இளைஞருக்கு இது பழைய கதை அல்ல. அங்கீகாரம் பெற்ற மையத்தில் ‘மெடிக்கல்’ முடித்தாக வேண்டும். நெஞ்சுக்கு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர். ஹெபடைடிஸ், எச்ஐவி, சிறுநீரகக் கோளாறு, எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் ‘அன்ஃபிட்’. நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் வீட்டில் விசாவுக்கு முன்னால் கேட்கும் கேள்வி, “மெடிக்கல் ஃபிட் ஆயிடுச்சா?” என்பதுதான். இந்தச் சல்லடையைத் தாண்டிப் போனவர்களை, நோயாளிகளும் கலந்த ஒரு நாட்டு மக்களோடு ஒப்பிட்டால் விடை எப்படி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தேர்வின் வலிமையைச் சிங்கப்பூரில் கொரோனா காட்டிக்கொடுத்தது. 2020-இல் தொழிலாளர் தங்குவிடுதிகளில் தொற்று காட்டுத்தீயாகப் பரவியது. தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போன கட்டடத் தொழிலாளர்கள் நிறைந்த விடுதிகள் அவை. அவ்வாண்டு டிசம்பரில் சுகாதார அமைச்சகமே வெளியிட்ட கணக்குப்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்கு, அதாவது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. இறந்தவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். சிங்கப்பூரின் மருத்துவ வசதிக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் இளமையும், புறப்படும்போதே வடிகட்டப்பட்ட உடல்நலமும் இல்லாமல் அந்த எண் சாத்தியமில்லை. அதே நேரம், அறைக்குப் பன்னிரண்டு, பதினாறு பேர் என்று அடைத்து வைத்ததால்தான் பாதிப் பேருக்குத் தொற்றியது என்பதும் உண்மை. உயிரிழப்புக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இரண்டாவது உண்மை தெரியாமலே போய்விடும்.

இரண்டாவது விளக்கத்துக்கு ஒரு மீனின் பெயரை வைத்தார்கள். கடலில் வாழும் சால்மன், கடைசியில் பிறந்த ஆற்றுக்கே திரும்பி, முட்டையிட்டு அங்கேயே இறக்கும். மெக்சிகோவிலிருந்து போனவரும் அப்படித்தானோ என்ற சந்தேகம் 1990-களில் எழுந்தது. உழைக்கும் வயதில் அமெரிக்காவில் இருக்கிறார், மூப்பும் நோயும் வந்தால் சொந்த ஊருக்குத் திரும்புகிறார், அங்கே இறக்கிறார். அந்தச் சாவு அமெரிக்கப் பதிவேட்டில் ஏறுவதே இல்லை.

இதைச் சோதிக்க 1999-இல் அனா அப்ரைடோ-லான்சாவும் உடன் ஆய்வாளர்களும் எடுத்துக்கொண்ட வழி அழகானது. கியூபாவிலிருந்து வந்தவர்களால் அரசியல் காரணங்களுக்காகத் திரும்பிப் போக முடியாது. புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டது. அங்கே போய் இறந்தாலும் சாவு அமெரிக்கக் கணக்கில்தான் சேரும். ஆக, இந்த இரு பிரிவினரிடமும் சால்மன் விளக்கம் செல்லாது. ஆனாலும் இவர்களின் இறப்பு விகிதம் வெள்ளையர்களைவிடக் குறைவாகவே இருந்தது. பின்னர் 2004-இல் அல்பெர்ட்டோ பல்லோனியும் எலிசபெத் ஏரியஸும் மெக்சிகோக்காரர்களைப் பொறுத்தவரை ஊர் திரும்புதல் முக்கியமான காரணமாகவே தெரிகிறது என்றார்கள். 2008-இல் காசியோ துர்ராவும் இர்மா இலோவும் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியப் பதிவுகளைப் புரட்டி, நோயாளிகள் திரும்புவது உண்மைதான், ஆனால் முழுப் புதிரையும் விளக்கும் அளவுக்கு அது பெரிதில்லை என்று முடிவு சொன்னார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை.

மூன்றாவது சிக்கல் வெறும் எழுத்து வேலையில் ஒளிந்திருக்கிறது. இறப்பு விகிதம் என்பது ஒரு வகுத்தல். மேலே இறந்தவர்கள், கீழே வாழ்கிறவர்கள். ஜெர்மனியில் குடியிருப்போர் ஒவ்வொருவரும் நகராட்சியில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வரும்போது எல்லோரும் பதிவார்கள். பதியாமல் வேலையும் இல்லை, வீடும் இல்லை. ஊருக்குத் திரும்பும்போது பெயரை நீக்கச் சொல்லிப் போகிறவர்கள் குறைவு. அப்படிப் போனவர் துருக்கியின் அனத்தோலியாவில் ஒரு கிராமத்தில் இறந்தே போயிருக்கலாம். ஜெர்மன் பதிவேட்டில் அவர் உயிரோடு இருப்பார். வயது எழுபது, எண்பது, தொண்ணூறு என்று ஏறிக்கொண்டே போகும். புள்ளிவிவரத்தில் அவருக்குச் சாகாவரம். இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? 2011-இல் ஜெர்மனி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தியபோது, பதிவேட்டுக் கணக்கைவிட ஏறத்தாழ 11 லட்சம் வெளிநாட்டவர் குறைவாக இருந்தார்கள். 73 லட்சம் என்று எண்ணிக்கொண்டிருந்த இடத்தில் இருந்தவர்கள் 62 லட்சம்.

அதற்கு மூன்றாண்டு முன்பே, கிபெலே, ஷோல்ஸ், ஷ்கோல்னிகோவ் ஆகிய மூவர் ஓய்வூதியப் பதிவுகளைக் கொண்டு முதிய ஆண்களின் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்திருந்தார்கள். மாதந்தோறும் பணம் போகும் இடத்தில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது தெரிந்துவிடும் அல்லவா? வெளிநாட்டவரின் ஆயுள் அனுகூலம் அங்கே வெகுவாகச் சுருங்கியது. இதற்கு நேர்மாறான செய்தி பிரிட்டனிலிருந்து வந்தது. மேத்யூ வாலஸும் ஹில் குலுவும் 2014-இல், ஒரே நபரைக் கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு பின்தொடரும் தரவைப் பயன்படுத்தி, பதிவுக் கோளாறுகளைக் கழித்த பின்பும் பல நாடுகளிலிருந்து வந்தவர்களின் இறப்பு விகிதம் குறைவாகவே இருக்கிறது என்று காட்டினார்கள். ஆகவே புதிர் முழுக்கப் பிழைக்கணக்கும் அல்ல.

மிச்சம் இருப்பது வாழ்க்கை முறை. இதில் மிக நேர்த்தியான ஆய்வு என்று 1960-களில் தொடங்கிய ‘நி-ஹொன்-சான்’ ஆய்வைச் சொல்லலாம். ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் வாழ்ந்த ஜப்பானியர்கள், ஹவாயின் ஹொனலுலுவில் குடியேறியவர்கள், சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் குடியேறியவர்கள் ஆகிய மூன்று கூட்டத்து ஆண்களையும் ஒரே முறையில் பரிசோதித்தார்கள். இன வழி ஒன்றே, இடம்தான் வேறு. மாரடைப்பு நோய் ஜப்பானில் மிகக் குறைவு, ஹவாயில் நடுத்தரம், கலிஃபோர்னியாவில் மிக அதிகம். கிழக்கே போகப் போக நோய் ஏறியது.

அந்த ஆய்வுக்குள்ளேயே இன்னும் ஆழமான ஒன்று கிடந்தது. மைக்கேல் மார்மட் என்னும் இளம் மருத்துவர், பெர்க்லியில் லியோனார்ட் சைமிடம் முனைவர் பட்டத்துக்காக கலிஃபோர்னியா ஜப்பானியர்களைத் தனியே எடுத்துக்கொண்டார். உறவுகளோடும் தங்கள் சமூகத்தோடும் நெருங்கி, ஜப்பானிய முறையிலேயே வளர்ந்து வாழ்ந்தவர்களுக்கு மாரடைப்பு நோய் ஜப்பானில் இருக்கும் அளவுக்கே குறைவாக இருந்தது. அமெரிக்க வாழ்க்கையில் முழுதாகக் கரைந்தவர்களிடம் அது மூன்று முதல் ஐந்து மடங்கு. சாப்பாடு, புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று வழக்கமான காரணங்களைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் மறையவில்லை. சுற்றம் இருப்பதும் இல்லாததும் ரத்தக்குழாய் வரை போய் எட்டுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று அந்தக் காலத்தில் கிடைத்திருக்கவில்லை. மார்மட்டின் பிற்கால வாழ்க்கைப் பணி முழுவதும் சமூக ஏற்றத்தாழ்வும் உடல்நலமும் பற்றியதாக அமைந்ததற்கு இந்த ஆய்வே அடித்தளம்.

நம்மவர்களின் இதயத்துக்கு வருவோம். குடியேறியவர்கள் நெடுநாள் வாழ்கிறார்கள் என்ற பொது விதிக்குள் தெற்காசியர்களுக்கு ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. அதை முதலில் எழுத்தில் பதித்தவர்களில் ஒருவர் டி.ஜே. தனராஜ். பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் டீனாக இருந்தவர். 1959-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும், 1950 முதல் 1954 வரை சிங்கப்பூரில் நடந்த ஆயிரக்கணக்கான பிரேதப் பரிசோதனைகளின் பதிவுகளை அலசி, சீனர்களைவிட இந்தியர்களிடம் மாரடைப்பு நோய் பல மடங்கு மிகுதி என்று காட்டினார்கள். ஒரே ஊர், ஒரே தட்பவெப்பம். இந்த முடிவு பிரேதப் பரிசோதனை நடந்ததால் மட்டுமே கிடைத்தது என்பதை அவையோர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் உகாண்டா, தென்னாப்பிரிக்கா, பிஜி, டிரினிடாட், இங்கிலாந்து என்று இந்தியர்கள் போன இடமெல்லாம் அதே கதை. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1979-83 காலத்துக் கணக்கை பாலராஜன் என்னும் ஆய்வாளர் 1991-இல் வெளியிட்டார். இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்த ஆண்கள் இதய ரத்தக்குழாய் நோயால் இறப்பது நாட்டுச் சராசரியைவிட 36 விழுக்காடு கூடுதல். பெண்களிடம் 46 விழுக்காடு. அதே ஆண்டு பால் மெக்கீக் லண்டனின் சவுத்தால் பகுதியில் நடத்திய ஆய்வு காரணத்தின் நுனியைப் பிடித்தது. தெற்காசியரில் 19 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய், ஐரோப்பியரில் 4. உடம்பு ஒல்லிதான், ஆனால் வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும், இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காத நிலையும் சேர்ந்து ரத்தக்குழாயைக் கெடுக்கின்றன. இன்று நம் ஊர் மருத்துவர் இடுப்பளவை எடுப்பதும், உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே எச்சரிப்பதும் புலம்பெயர்ந்தவர்களின் உடம்பிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடத்தால்தான். டொராண்டோவில் வாழும் ஈழத்தமிழர்களுக்கும் லண்டன் ஈஸ்ட்ஹாமில் வாழும் தமிழர்களுக்கும் இது ஏட்டுச் செய்தி அல்ல, வீட்டுச் செய்தி.

உடல்நலம் பார்த்துப் பொறுக்கி எடுத்தவர்கள் எல்லா இடத்திலும் நீடித்து வாழ்ந்துவிடவும் இல்லை. மலாயாவுக்குக் கூலிகளாகப் போனவர்கள் நாகப்பட்டினம், ஆவடி முகாம்களில் மருத்துவச் சோதனை முடித்துத்தான் கப்பல் ஏறினார்கள். இலங்கைக்குப் போனவர்களுக்கு மண்டபம் முகாம். அப்படித் தேறிய இளைஞர்களே ரப்பர்த் தோட்டங்களின் ஆரம்ப ஆண்டுகளில் மலேரியாவுக்குக் கொத்துக்கொத்தாக இரையானார்கள். கிள்ளானில் 1901-இல் பணியில் சேர்ந்த மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவைக் கட்டுப்படுத்திய பிறகே சாவு குறைந்தது. அதற்கும் முன்பு, கல்கத்தாவிலிருந்து கரீபியத் தீவுகளுக்கு 1856-57-இல் போன கப்பல்களில் ஏறியவர்களில் சராசரியாக 17 விழுக்காட்டினர் கரை சேரவில்லை என்று வரலாற்றாசிரியர் ஹியூ டிங்கர் பதிவு செய்திருக்கிறார். போகும்போது ஆரோக்கியமாக இருந்தார் என்பது ஒரு முதலீடு மட்டுமே. போன இடம் அதைக் காக்கவும் செய்யும், கரைக்கவும் செய்யும்.

அமெரிக்க ஹிஸ்பானிக் மக்களின் முப்பதாண்டுப் புதிரை கொரோனா எப்படிக் கரைத்தது என்று பாருங்கள். 2019-இல் 81.9 ஆக இருந்த அவர்களின் சராசரி ஆயுள் 2021-இல் 77.7 ஆக விழுந்தது. இரண்டே ஆண்டில் நான்கு வயதுக்கு மேல். வெள்ளையர்களோடு இருந்த இடைவெளி பாதிக்கும் கீழே போனது. இறைச்சி வெட்டும் ஆலை, தோட்டம், சமையற்கட்டு, முதியோர் இல்லம்: வீட்டிலிருந்தே செய்ய முடியாத வேலை எல்லாம் அவர்களுடையது.

அகதிகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதே பிழை என்று சொல்ல வேண்டும். அவர்களை யாரும் பொறுக்கி எடுப்பதில்லை. குண்டு விழுந்தால் கிழவரும் கர்ப்பிணியும் சேர்ந்துதான் ஓடுகிறார்கள். ஸ்வீடனில் 13 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு, ஸ்கிட்ஸோஃப்ரீனியா போன்ற மனச்சிதைவு நோய்கள், அதே பகுதிகளிலிருந்து வேறு காரணங்களுக்காக வந்தவர்களைவிட அகதிகளிடம் 66 விழுக்காடு அதிகம் என்று கண்டது. ஆஸ்திரேலியாவில் டெரிக் சிலோவும் உடன் ஆய்வாளர்களும் 1990-களில் ஈழத்தமிழர்களிடமே ஒப்பீடு செய்தார்கள்: அடைக்கலம் கேட்டுக் காத்திருப்பவர்கள், அகதி நிலை பெற்றவர்கள், முறையாகக் குடியேறியவர்கள். கொடுமைகளைக் கண்டு வந்ததன் வடு ஒரு பங்கு என்றால், வந்த பின் பட்ட பாடு இன்னொரு பங்கு. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம், வேலை செய்ய அனுமதி இல்லாமை, ஊரில் இருக்கும் குடும்பத்தைப் பற்றிய கவலை ஆகியவை மனநோயை வளர்த்தன. கொள்கையை மாற்றினால் குறையக்கூடிய நோய் இது. வழியிலேயே இறந்தவர்கள் எந்த ஆய்விலும் இல்லை. பன்னாட்டுப் புலம்பெயர்வு அமைப்பு 2014 முதல் அவர்களை எண்ணி வருகிறது. 2024-இல் மட்டும் தெரிய வந்தவர்கள் குறைந்தது 8,938 பேர்.

அடுத்தது வளைகுடா. 2010 டிசம்பரில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி கத்தாருக்கு வழங்கப்பட்டது. அதன் பின் பத்தாண்டுகளில் இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6,500-க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்ததாக 2021-இல் கார்டியன் இதழ் அந்தந்த நாட்டு அரசுகளின் கணக்கைத் திரட்டி எழுதியது. இது எல்லாத் தொழிலையும் சேர்த்த எண். மைதானம் கட்டியவர்கள் மட்டும் அல்ல. இருபது லட்சம் பேர் வேலை செய்யும் இடத்தில் இவ்வளவு சாவு இயல்பே என்று கத்தார் அரசு பதில் சொன்னது. எண்ணிக்கை பெரிதா சிறிதா என்ற இந்த வாதத்தில் முக்கியமான ஒன்று மறைந்துபோனது. இறந்த இந்தியர், நேபாளிகள், வங்கதேசத்தவரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோரின் சான்றிதழில் காரணம் ‘இயற்கை மரணம்’. மாரடைப்பு அல்லது மூச்சு நின்றது, அவ்வளவுதான். இதயம் நிற்காமல் இறந்தவர் உலகில் உண்டா? அது ஏன் நின்றது என்பதல்லவா கேள்வி?

விடை தேடியவர்கள் நேபாளத்தின் பந்தனா பிரதானும் பன்னாட்டு இதய, வெப்ப நிபுணர்களும். 2009 முதல் 2017 வரை கத்தாரில் இறந்த 1,354 நேபாளத் தொழிலாளர்களின் பதிவுகளை அந்தந்த மாதத்து வெப்பத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். வெயில், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் முறையில் வெப்பம் ஏற ஏற இதயச் சாவும் ஏறியது. குளிர் மாதங்களில் இறந்தவர்களில் 22 விழுக்காடு இதய நோயால். கோடையில் 58 விழுக்காடு. பெரும்பாலும் இளைஞர்கள், எல்லோரும் ‘மெடிக்கல் ஃபிட்’ வாங்கிப் போனவர்கள். 571 இதயச் சாவுகளில் 200 வரை, வெப்பத்திலிருந்து பாதுகாப்புக் கொடுத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்பது 2019-இல் வெளியான அவர்களின் முடிவு.

உடம்புக்குள் நடப்பது இதுதான். சூட்டை வெளியேற்ற இதயம் ரத்தத்தைத் தோலுக்கு இறைக்கிறது. அதற்காக வேகமாக அடிக்கிறது. வியர்வையோடு நீரும் உப்பும் போகின்றன. கடலோர ஈரக்காற்றில் வியர்வை உலராமல் வழிந்து வீணாகிறது, உடம்பு குளிர்வதில்லை. ரத்தம் கெட்டியாகிறது, பொட்டாசியம் தடுமாறுகிறது, சிறுநீரகம் நாளுக்கு நாள் அடிவாங்குகிறது. கம்பி கட்டுகிறவர் தண்ணீருக்காக இறங்கி ஏறினால் மேஸ்திரி சத்தம் போடுவார் என்று பொறுத்துக்கொள்கிறார். இரவு குளிர்சாதனம் சரியாக ஓடாத அறையில் படுக்கிறார். காலையில் பக்கத்துக் கட்டில்காரர் எழுப்பும்போது எழுவதில்லை.

பிரேதப் பரிசோதனை செய்தால் இதில் பாதியாவது தெரியும். தனராஜுக்குச் சிங்கப்பூரில் கிடைத்தது அந்தப் பதிவுகள்தான். கத்தார் அரசே அமர்த்திய டிஎல்ஏ பைப்பர் சட்ட நிறுவனம், எதிர்பாராத திடீர்ச் சாவுகளுக்குப் பிரேதப் பரிசோதனையை அனுமதிக்க வேண்டும், மாரடைப்பு என்று எழுதப்படும் சாவுகளைத் தனியே ஆராய வேண்டும் என்று 2014-இலேயே பரிந்துரைத்தது. 2021-இல் கத்தார் கோடைக்கால மதிய வேலைக்குத் தடையை நீட்டித்து, முன்பு சொன்ன கூட்டு அளவுமுறையில் வெப்பம் 32.1 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும் என்று விதி செய்தது. நல்ல மாற்றம், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 2022-இல் வைட்டல் சைன்ஸ் என்னும் தன்னார்வ அமைப்புகளின் கூட்டமைப்பு, வளைகுடா நாடுகளில் ஆண்டுக்கு 10,000 ஆசியத் தொழிலாளர்கள் வரை இறப்பதாகவும், அவற்றில் பாதிக்கும் மேல் காரணம் விளங்காத சாவுகள் என்றும் கணக்கிட்டது. 2014-க்குப் பின் ஆறு வளைகுடா நாடுகளில் இறந்த இந்தியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 34,000 பேர் என்று 2019 நவம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. நாளொன்றுக்குப் பதினைந்துக்கும் மேல்.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தபோது, தமிழ்நாட்டைச் சேர்ந்த 7 பேரின் உடல்கள் வந்தன. நாடே பேசியது. ஒவ்வொரு நாளும் ஒன்றும் இரண்டுமாக விமான நிலையச் சரக்குப் பிரிவுக்கு வரும் பெட்டிகளைப் பற்றி அப்படிப் பேச்சில்லை. இறப்புச் சான்றிதழ், உடல் பதப்படுத்திய சான்று, தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட் ஆகிய காகிதங்களோடு பெட்டி வருகிறது. குடும்பம் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போகிறது. ‘இயற்கை’ என்று எழுதியிருப்பதன் விலையும் அவர்களுக்கு அப்புறம்தான் தெரியும். குடியேற்ற அனுமதி பெற்றுப் போகும் தொழிலாளர்களுக்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா யோஜனா, விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடமானாலோ 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வெயிலில் வெந்து தூக்கத்தில் போனவரின் சான்றிதழில் விபத்து என்று யாரும் எழுதுவதில்லை.

உயிரோடு திரும்புகிறவர்களும் உண்டு. வளைகுடாவில் எத்தனை வருடம் உழைத்தாலும் அங்கேயே மூப்படைய வழி இல்லை. அனுமதி புதுப்பிக்கும் சோதனையில் காசநோய் தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள். சிறுநீரகம் கெட்டால் வேலை செய்ய முடியாது, வேலை இல்லையென்றால் விசா இல்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் ஐயத்தோடு விவாதித்த சால்மன் பயணம் இங்கே சட்டத்தாலேயே கட்டாயம். நோய் ராமநாதபுரத்துக்கும் புதுக்கோட்டைக்கும் கன்னியாகுமரிக்கும் வந்து சேர்கிறது. அரசு மருத்துவமனை டயாலிசிஸ் படுக்கையில் கிடப்பவர் பதினைந்து கோடைகள் சவுதியில் கம்பி கட்டியவர் என்பது அவருடைய நோயாளிச் சீட்டில் எங்கும் இராது. வேலை வாங்கிய நாட்டின் கணக்கு சுத்தமாக இருக்கிறது, செலவு நம்முடையது.

2015-இல் எஸ். இருதயராஜன் குழுவினர் நடத்திய தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டினர் வெளிநாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. எத்தனை பேர் போனார்கள், எவ்வளவு பணம் அனுப்பினார்கள் என்பது தெரியும். எத்தனை பேர் எந்த நோயோடு திரும்பினார்கள் என்பதைச் சொல்லும் பதிவேடு வேண்டும். அது கடினமான காரியமும் அல்ல. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு வீடாக வரும் பணியாளரின் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: வெளிநாட்டில் வேலை செய்ததுண்டா, எங்கே, என்ன வேலை, எத்தனை வருடம்? அயலகத் தமிழர் நலவாரியம், வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வோர் இறப்புச் சான்றிதழின் காரணத்தையும் வயது, தொழில், மாதத்தோடு சேர்த்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நாற்பது வயதுக்குக் கீழே காரணமின்றி இறந்தவரின் உடலுக்குப் பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று தொழிலாளர் ஒப்பந்தத்திலேயே இந்திய அரசு கேட்டு வாங்க வேண்டும். அங்கே மறுத்தால், குடும்பம் சம்மதிக்கும்போது இங்கே செய்ய வேண்டும். இந்த அவையில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், மாணவர்கள் இருக்கிறார்கள், வளைகுடாவுக்கு ஆளனுப்பிய குடும்பத்தினரும் இருக்கிறார்கள். மருத்துவர்களே, நாளை காலை புறநோயாளிப் பிரிவில் சிறுநீரகக் கோளாறோடு வரும் முதல் நடுவயதுக்காரரிடமே அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதத் தொடங்குங்கள்.